சுவரெல்லாம் மாரிக்கனி

எங்கள் ஊரில் எல்லார் வீட்டுச் சுவரிலும் மாரிக்கனி அசைந்துகொண்டிருந்த வருடத்தில் மழை நன்றாகப் பெய்தது. அந்த வருடத்தைப் பற்றிச் சிவகாசியில் யாரிடம் கேட்டாலும் முதலில் மழையைத்தான் சொல்வோம், பட்டாசு காயாமல் களத்திலேயே கிடந்ததைச் சொல்வோம், கண்மாய் மறுகால் பாய்ந்து ரோட்டை மூடியதைச் சொல்வோம், அதெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான், பக்கத்து வீட்டில் நடந்த கல்யாணத்தைச் சொல்வது போன்ற குரலில், மாரிக்கனியின் உடம்பிலிருந்து வந்த ஒரு செல் காலண்டர் படத்துக்குள் உயிரோடு குடியிருந்ததைச் சொல்வோம்.

மாரிக்கனி தனுஷ்கோடி அண்ணாச்சியின் அச்சகத்தில் காலண்டர்களின் தலையில் தகரப்பட்டை அடிக்கிற வேலை பார்த்தாள். ஐம்பதை நெருங்கிய வயது. லாரி ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் செத்து வெகுகாலம் ஆயிற்று, பிள்ளை இல்லை, ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு காம்பவுண்டில் கடைசி வீடு அவளுடையது. சாப்பிட்டியா என்று கேட்டால் "ஆச்சு" என்பாள். உடம்பு எப்படி இருக்கு என்று கேட்டால் "அதுக்கென்ன" என்பாள். அந்த இரண்டு பதிலுக்கு மேல் அவளிடமிருந்து எதையும் வாங்கியவர்கள் ஊரில் இல்லை. அடுத்த வீட்டு அன்னபாக்கியம் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பாள், மாரிக்கனியும் விடாமல் அதே பதிலைச் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் அவள் கழுத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். எடுத்ததை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா என்று டாக்டர் கேட்டபோது, "தூரப் போடறதை யாருக்குக் கொடுத்தா என்ன" என்று கையெழுத்துப் போட்டாள், வீட்டுக்கு வந்தாள், மறந்துபோனாள். ஆனால் அவள் மறந்த அந்தத் துணுக்கு ஐஸ் பெட்டியில் பெங்களூருக்குப் போய், ஒரு ஆராய்ச்சி நிலையத்தில், ஜெபசீலி என்கிற நாகர்கோவில்காரப் பெண் விஞ்ஞானியின் கைக்கு வந்து, கதகதப்பான பெட்டிக்குள் இளஞ்சிவப்புத் தண்ணீரில் வளர்ந்து பெருகிக்கொண்டிருந்தது. மனுசர் உடம்பின் ஒரு செல்லுக்குள் எது எது எங்கெங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான் ஜெபசீலியின் வேலை. அந்தப் பொடி வீட்டுக்குள் தடுப்புச் சுவர் பெரிதாக ஒன்றும் இல்லை, இருந்தும் ஒவ்வொன்றும் தன் இடத்தில் இருக்கிறது, அது எப்படி என்பதுதான் அவளைப் பிடித்துக்கொண்ட கேள்வி. ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்து, வாழைத்தண்டை வட்டம் வட்டமாக நறுக்குவதுபோல, ஆனால் கத்தி படாமல் வெளிச்சத்தாலேயே நறுக்கி, ஒவ்வொரு வட்டத்தையும் படம் எடுத்து, பிறகு எல்லாவற்றையும் அடுக்கி முழுசாக்குவாள். அப்படி எடுத்த படங்களில் மிக அழகான ஒன்றைத்தான் அந்த நிலையம் காலண்டராக அடிக்கச் சொல்லி அனுப்பியது. நாட்டில் யார் காலண்டர் அடித்தாலும் எங்கள் ஊருக்குத்தானே வரவேண்டும், அதுவும் வந்தது, தனுஷ்கோடி அண்ணாச்சியிடமே வந்தது.

மெஷினிலிருந்து இறங்கியபோது அது வெறும் படம்தான். நடுவில் நீல உருண்டை, சுற்றிலும் தணல்போலச் சிவப்பு இழைகள், ஒரு பக்கம் அப்பளம் அடுக்கியதுபோல மஞ்சள் மடிப்புகள், அங்கங்கே ஊதாப் பைகள், எல்லாவற்றையும் ஊடுருவிப் பச்சை நூல்கள். மாரிக்கனி முதல் காலண்டருக்குத் தகரம் அடித்துவிட்டு, பழக்கமாகச் செய்வதுபோலத் தூசி போக, பார்க்காமலே, உள்ளங்கையால் படத்தை ஒரு தடவை துடைத்தாள். சிவப்பு இழைகள் நெளிந்தன. அந்த ஒன்றில் மட்டும் இல்லை, கட்டுக்கட்டாக அடுக்கியிருந்த அத்தனை தாளிலும் நெளிந்தன.

அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வந்தார்.

"என்னப்பா, கலர் ரிஜிஸ்டர் விலகி ஒண்ணு மேல ஒண்ணு உக்காரலையா?"

"மெஷின்ல குத்தமில்லண்ணாச்சி," என்றான் மெஷின்மேன். "படம் தானா நகருது."

"நகர்ந்தா நகர்ந்துட்டுப் போகுது. கலர் மங்காம இருக்கா பாரு," என்றார் அண்ணாச்சி.

மதியத்துக்குள் அது யாருடைய செல் என்றும் தெரிந்துவிட்டது. மாரிக்கனி சுத்தியலைக் கட்டைவிரலில் போட்டுக்கொண்டாள், எல்லாத் தாளும் ஒரு சேர வெடவெடத்தன. டீ குடித்தாள், எல்லாத் தாளும் பளிச்சென்று ஆயின. அண்ணாச்சி பெங்களூருக்குப் போன் போட்டார். கொடுத்தவங்க பேரைச் சொல்லக்கூடாதுங்க அண்ணாச்சி என்று ஜெபசீலி சொன்னாள். அண்ணாச்சி போனை மூடிக்கொண்டு, "ஏம்மா மாரிக்கனி, நீ எங்கேயாச்சும் எதையாச்சும் கொடுத்தியா?" என்று கேட்டார். அவள் தலை நிமிராமல் அடுத்த தகரத்தை எடுத்தபடி, "மதுரையில ஒரு கட்டி கொடுத்தேன். அதுக்கென்ன," என்றாள்.

நிலையத்தில் அனுமதி வாங்கி, ஊர்க்காரர்களுக்குக் கொடுக்கவென்று அண்ணாச்சி கூடுதலாகக் கொஞ்சம் அடித்தார். அது போதாமல் இன்னும் அடித்தார். தை பிறந்தபோது முருகனும் பிள்ளையாரும் இயேசுவும் மக்காவும் தொங்கிய ஆணிகளுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்து எல்லா வீட்டிலும் மாரிக்கனியின் செல்லை மாட்டியிருந்தோம். டீக்கடையில் மாட்டினார்கள், சலூனில் இரண்டு மாட்டினார்கள், தீப்பெட்டி ஆபீசில் பெண்கள் பெட்டி ஒட்டிக்கொண்டே பார்க்கும்படி எதிரே மாட்டினார்கள். உள்ளே இருந்த உறுப்புகளுக்கெல்லாம் பள்ளிக்கூட வாத்தியார் சரியான பெயரைச் சொல்லிக் கொடுத்தார், நாங்கள் கேட்டுக்கொண்டோம், பிறகு எங்கள் வாய்க்கு வந்த பெயரையே வைத்துக்கொண்டோம். நீல உருண்டையை ஆபீஸ் ரூம் என்றோம், எந்த வேலைக்கும் அங்கிருந்துதான் உத்தரவு வந்தது. சிவப்பு இழைகளை அடுப்பு என்றோம், மஞ்சள் மடிப்பைப் பார்சல் செக்‌ஷன் என்றோம், ஊதாப் பைகளைத் துப்புரவு வண்டி என்றோம், பச்சை நூல்களைத் தண்டவாளம் என்றோம். அந்தத் தண்டவாளத்தின்மேல், தன்னைவிடப் பல மடங்கு பெரிய மூட்டையைத் தூக்கிக்கொண்டு இரண்டு கால் வைத்து நடப்பதுபோல ஒரு பொடிசு நடந்தது, ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்று வந்தது, அதை லோடுமேன் என்றோம். லாரி செட்டில் மூட்டை தூக்குகிற ஊர்க்காவலன் என்பவன் சாப்பாட்டு நேரத்தில் அதையே பார்த்துக்கொண்டிருப்பான். "இடையில ஒரு பீடிக்குக்கூட நிக்க மாட்டேங்குதே," என்று பெருமையாகச் சொல்வான். அம்மன் கோயில் பூசாரி தன் வீட்டுப் படத்திலும் வாத்தியார் வீட்டுப் படத்திலும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார், அது ஆபீஸ் ரூமை மறைக்கிறது என்று வாத்தியார் துடைத்துவிட்டார், இருவருக்கும் அதோடு பேச்சு வார்த்தை நின்றது.

அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்ததில் எங்களுக்குப் படிக்கத் தெரிந்துவிட்டது. அடுப்புகள் மங்கி, துப்புரவு வண்டிகள் பெருத்துப்போய் உள்ளே கிடப்பதையே பொறுக்கித் தின்ன ஆரம்பித்தால் மாரிக்கனி சாப்பிடவில்லை என்று அர்த்தம். அவள் வாய் "ஆச்சு" என்று சொல்லிக்கொண்டிருக்கும், சுவரோ, ஆகவில்லை என்று சொல்லும். முதலில் அன்னபாக்கியம் ஒரு தூக்குவாளியில் கருவாட்டுக் குழம்பும் சோறும் கொண்டுபோய்க் கதவுக்கு வெளியே வைத்தாள். அடுத்தநாள் எதிர்வீட்டிலிருந்து ஆப்பம் வந்தது. அப்புறம் பக்கத்துத் தெருவிலிருந்து, அப்புறம் முகம் தெரியாதவர்களிடமிருந்து, இட்லியும் புளிச்சோறும் ரம்ஜான் கஞ்சியும் கேக்கும் வந்தன. தலை சுற்றுகிறது என்று அவள் யாரிடமும் சொல்லாத நாளில் மெடிக்கல் கடைக்காரர் மாத்திரையோடு வந்து நின்றார். நாங்கள் நல்லதுதான் செய்கிறோம் என்று நினைத்தோம். அவள் முகம் நாளுக்கு நாள் இறுகியதைக் கவனிக்க எங்களுக்கு நேரமில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோமே.

ரேஷன் கடை வரிசையில் ஒருநாள், முன்பின் தெரியாத ஒரு பெண் மாரிக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டு, மனசார இரக்கத்தோடு, "நேத்துச் சாயங்காலம் அழுதியா தாயி?" என்று கேட்டாள்.

மாரிக்கனி அரிசி வாங்காமல் திரும்பிப் போனாள். மறுநாள் டீ நேரத்தில் அச்சகத்து வாசலில், கட்டி வைத்திருந்த பேப்பர் கட்டின்மேல் ஏறி நின்றாள். அவள் குரலை அவ்வளவு உயரத்தில் அதுவரை யாரும் கேட்டதில்லை.

"நான் எப்ப அழுவேன்னு என்னைக் கட்டினவருக்கே தெரியாது. உங்களுக்கு யாரு காட்டச் சொன்னா? நடந்து போனா எல்லாக் கண்ணும் என் தோலுக்கு உள்ளாற பாக்குது. சேலை கட்டியும் பிரயோசனமில்லாமப் போச்சு எனக்கு. சோறு வேணும்னா நான் பொங்கிக்குவேன். திருப்பி மாட்டுங்க. எல்லாரும் திருப்பி மாட்டுங்க!"

கூட்டத்தின் கடைசியில் நின்ற அன்னபாக்கியம்தான் முதலில் நகர்ந்தாள்.

"சரியாத்தான கேக்குறா," என்றாள். நேராக வீட்டுக்குப் போய்க் காலண்டரைத் திருப்பி, படம் சுவரைப் பார்க்க, வெள்ளை முதுகு வெளியே தெரிய மாட்டினாள்.

பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் திருப்பிவிட்டோம். வெட்கமாக இருந்தது எங்களுக்கு. அந்த ஆணியில் வேறு காலண்டரை மாட்டுவது அவளை வெளியே தள்ளுவதுபோல இருந்ததால் யாரும் மாட்டவில்லை, பக்கத்திலிருந்த முருகனையும் மக்காவையும் தேதிக்குப் பார்ப்பதும் என்னமோ கூச்சமாக இருந்தது. ஆகவே நாட்டுக்கே தேதி அச்சடித்துக் கொடுக்கும் ஊரில் யாருக்கும் தேதி தெரியாமல் போயிற்று. கல்யாணத்துக்கு மறுநாள் பட்டுச்சேலையோடு போய் மண்டபத்தில் பந்தல் பிரிப்பதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் உண்டு. அமாவாசையை இரண்டு நாள் தள்ளிக் கும்பிட்டவர்கள் உண்டு. ஆனாலும் ஒரு வீட்டிலும் ஒருவரும் ஓரத்தைத் தூக்கி எட்டிப் பார்க்கவில்லை. இதை நாங்கள் சொல்லிக்கொள்வதில் தவறில்லை என்று நினைக்கிறோம்.

அண்ணாச்சி போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார், புரட்டாசியில் ஜெபசீலி வந்தாள். பேருந்து நிலையத்திலிருந்து நடந்து வந்த வழியெல்லாம் காலண்டர்கள் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன. எந்த மைக்ராஸ்கோப்பும் இதுவரை காட்டாததைக் காட்டிய படம் ஒவ்வொரு கடையிலும் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது, அவள் ஒன்றையும் தொடாமல் மாரிக்கனி வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"நான்தான்க்கா பெங்களூர்ல உங்க செல்லை வளர்க்கிறவ."

மாரிக்கனி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "எதுக்கு வந்தீக?"

"கேக்க வந்தேன். மதுரையில உங்ககிட்ட அவசரத்துல கேட்டாங்க, நீங்களும் அவசரத்துல கையெழுத்துப் போட்டீங்க. இப்ப நிதானமாக் கேக்குறேன். உங்களுக்கு வேண்டாம்னா நான் பார்க்கலை, அங்கேயும் நிறுத்திடறேன்."

மாரிக்கனி கதவை அகலத் திறந்தாள். உள்ளே அவள் வீட்டிலும் ஒரு காலண்டர் முதுகைக் காட்டித் தொங்கியது.

"அதை நானே பார்த்ததில்ல," என்றாள். "தகரம் அடிக்கும்போது மேல் ஓரத்தைத்தான் பாப்பேன். இத்தனை பேரு பார்த்தாக, நான் பாக்கல."

அவளே எழுந்துபோய்த் திருப்பினாள். திருப்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். நாங்கள் மாதக்கணக்காகப் பார்த்துப் பழகியதை அவள் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள். சிவப்பு இழைகள் கனன்றன, மஞ்சள் மடிப்பிலிருந்து பொட்டலங்கள் உருண்டு வந்தன, பச்சைத் தண்டவாளத்தில் பொடிசு மூட்டையோடு நடந்தது.

"இது எங்க போகுது?"

"ஓரத்துக்குக்கா. உள்ள செஞ்சதை வெளிய கொண்டுபோய்க் கொடுக்கப் போகுது."

"எப்பலேர்ந்து போகுது?"

"நீங்க அம்மா வயித்துல இருந்தப்பலேர்ந்து."

"லீவு கிடையாதா?"

"கிடையாது."

மாரிக்கனி ஒரு அடி பக்கத்தில் போனாள். அவள் மூச்சு தாளில் பட்டது. "எங்க வீட்டுக்காரரு போனப்ப நான் ரொம்பநாள் சோறு தண்ணி சரியா எடுக்கல. கிடந்தேன். அப்ப இதுங்க என்ன செஞ்சிருக்கும்?"

ஜெபசீலி ஊதாப் பைகளைக் காட்டினாள். "இது இருக்குல்ல, இது பழசு, உடைசல், இல்லாட்டியும் பரவாயில்லங்கிறது எல்லாத்தையும் பொறுக்கி எடுத்துக் கரைச்சு, மத்ததுக்குச் சாப்பாடு ஆக்கியிருக்கும். வெளியிலேர்ந்து ஒண்ணும் வரலைன்னாலும் தாக்குப் பிடிச்சிருக்கும். உங்களைக் கைவிடலக்கா."

"எனக்குத் தெரியாமப் போச்சே," என்றாள் மாரிக்கனி. அவள் கண்ணிலிருந்து கொட்டியது, இந்த முறை ஜெபசீலி பார்ப்பதை அவள் தடுக்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிறகு அதே தலைப்பால் படத்தின் ஓரத்திலிருந்த தூசியையும் துடைத்தாள். "இத்தனை பேரை வேலை வாங்குற மேஸ்திரி யாரு? அந்த நீல ரூமா?"

"அங்கேருந்து உத்தரவு வரும். ஆனா எது எங்க நிக்கணும்ங்கிறதுக்குத் தனியா மேஸ்திரின்னு யாரும் இல்ல போலிருக்கு. அதைத்தான் நான் தேடிக்கிட்டே இருக்கேன். ஒண்ணு இருக்கிற இடத்தைப் பார்த்து இன்னொண்ணு இடம் பிடிக்குது. பக்கத்துல இருக்கிறதை விலக்கிட்டோம்னா, எங்க நிக்கிறதுன்னு இதுக்கும் தெரியறதில்ல."

மாரிக்கனி அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டாள். நீங்க பார்க்கலாம், படமும் எடுத்துக்கலாம் என்று ஜெபசீலியிடம் சொல்லி அனுப்பினாள். ஊரிடம் ஒன்றும் சொல்லவில்லை, ஊரில் காலண்டர்கள் திரும்பியபடியே இருந்தன.

ஐப்பசியில்தான் அந்த மழை பிடித்தது. அச்சகத்துக்குள் தண்ணீர் புகுந்து வேலை நின்றது. மாரிக்கனிக்குக் காய்ச்சல் கண்டது. கதவுக்கு வெளியே நின்று அன்னபாக்கியம் கேட்டபோது, "லேசா சளி, அதுக்கென்ன," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. முன்பு போலச் சுவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை, வாய் சொன்னதைத்தான் நம்பவேண்டும், அன்னபாக்கியமும் மனசில்லாமல் நம்பிவிட்டுப் போனாள். காய்ச்சல் ஏறியது. கஞ்சி வைக்க எழுந்தவளுக்குக் கால் நிற்கவில்லை. பல்லிடுக்கில் ரத்தம் கசிந்தது. பாயில் கிடந்தபடி, அன்று திருப்பியதிலிருந்து எதிர்ச் சுவரில் அப்படியே தொங்கிய படத்தைப் பார்த்தாள்.

அடுப்புகள் சாம்பல் பூத்திருந்தன. பார்சல் செக்‌ஷனில் ஒரு பொட்டலம்கூட இல்லை. ஊதாப் பைகள் பொறுக்கியெடுக்க இனி ஒன்றும் மிச்சமில்லாமல் தயங்கித் தயங்கி நின்றன. பச்சை நூலின் நடுவழியில் அந்தப் பொடிசு, மூட்டையைக் கீழே போடாமல், அப்படியே மடங்கி உட்கார்ந்திருந்தது. சற்றுப் பொறுத்து எழ முயன்றது, முடியாமல் திரும்ப உட்கார்ந்தது. மூட்டையை மட்டும் விடவில்லை.

பிற்பாடு அவள் எங்களிடம் சொன்னாள். "செத்தா என்னன்னுதான் படுத்திருந்தேன். அதுங்களைப் பார்த்தேன். அதுங்களுக்கு வாய் கிடையாது. யாருகிட்டப் போய்க் கேக்கும்? எனக்குத்தான வாய் இருக்கு."

பட்டப்பகலில், மழை கொஞ்சம் விட்ட நேரத்தில், தரையில் நகர்ந்து நகர்ந்து வந்து கதவைத் திறந்தாள். காம்பவுண்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அன்னபாக்கியம் நிமிர்ந்தாள்.

"மதினி," என்றாள் மாரிக்கனி. "என்னால முடியல மதினி. வாங்களேன்."

அன்னபாக்கியம் முறத்தைப் போட்ட சத்தத்தில் காம்பவுண்டே வெளியே வந்தது. மாரிக்கனி ஒருவரிடம் கேட்டாள் என்ற செய்திதான் எங்களுக்குக் காய்ச்சலைவிடப் பெரிதாக இருந்தது. தண்ணீர் நின்ற ரோட்டில் ஆட்டோ போகாது என்றதும் ஊர்க்காவலன் அவளைக் கட்டிலோடு தூக்கச் சொன்னான், லாரி செட்டு ஆட்கள் நால்வராக மாறி மாறித் தோள் கொடுத்து, இடுப்பளவுத் தண்ணீரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிவிட்டன, ரத்தம் வேண்டும் என்றார்கள். வரிசை ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி டீக்கடை வரை நின்றது. வாத்தியாரும் பூசாரியும் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள், வேறு வழியில்லாமல் பேசிக்கொண்டார்கள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து அன்னபாக்கியம் கேட்டாள். "ஏ மாரிக்கனி, ஊரு தவிக்குது. திருப்பிக்கிடட்டுமா?"

மாரிக்கனி சரியென்று தலையை அசைத்தாள்.

அந்தத் தலையசைப்பு ஆஸ்பத்திரியிலிருந்து டீக்கடைக்கும், டீக்கடையிலிருந்து தெருவுக்கும் போய், ஊர் முழுக்கச் சுவர்களில் தாள் திரும்பும் சத்தம் கேட்டது. திருப்பியவர்கள் வாயில் கை வைத்துக்கொண்டோம். அவ்வளவு இருட்டாக இருந்தது உள்ளே. அடுத்து வந்த நாட்களில் ஊரில் எந்த வேலையும் வேகமாக நடக்கவில்லை. சலூனில் பாதி சவரத்தில் கத்தி நின்றது. தீப்பெட்டி ஆபீசில் பெண்கள் சுவரைப் பார்த்துச் "சாப்பிடு தாயி, கொஞ்சம் சாப்பிடு," என்று சொல்லிக்கொண்டே ஒட்டினார்கள். அதனால் ஏதாவது ஆயிற்றா என்று எங்களுக்குத் தெரியாது. டாக்டர்கள் நல்ல டாக்டர்கள், நர்சுகள் கண் அயராமல் பார்த்தார்கள், ஊர் ரத்தம் பை பையாக ஏறியது. ஒருநாள் காலையில், வெயில் எட்டிப் பார்த்த நேரத்தில், ஓர் அடுப்பு ஊதிவிட்டதுபோலச் சிவந்தது. பக்கத்தில் இன்னொன்று சிவந்தது. பச்சை நூலில் உட்கார்ந்திருந்த பொடிசு மூட்டையைச் சரிசெய்துகொண்டு, ஒரு முறை தள்ளாடி, எழுந்து, ஒரு எட்டு எடுத்து வைத்தது.

லாரி செட்டிலிருந்து கிளம்பிய விசில் ரயில்வே கேட் வரை கேட்டது. ஊர்க்காவலன் தோளில் மூட்டையோடு நின்றபடியே அழுதான், பிறகு தானும் ஒரு எட்டு எடுத்து வைத்தான்.

மாரிக்கனியை அண்ணாச்சியின் காரில் அழைத்து வந்தார்கள். தெருமுனையில் நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டாள். முதல் வீட்டுக்குள் போனாள், சுவரைப் பார்த்தாள், அந்த வீட்டுக்காரர்களைப் பார்த்தாள், கொடுத்த மோரைக் குடித்தாள். அடுத்த வீட்டுக்குள் போனாள். உடம்பு எப்படி இருக்கு என்று கேட்டவர்களிடம் முதுகுவலியைச் சொன்னாள், முழங்கால் பிடிப்பைச் சொன்னாள், ஆஸ்பத்திரிச் சாம்பாரில் உப்பில்லாததைச் சொன்னாள், செத்துப்போன புருஷன் முட்டை பரோட்டாவுக்கு ஆசைப்பட்டு ராஜபாளையம் வரை லாரியைத் திருப்பியதைச் சொன்னாள். அத்தனை வருடத்துப் பேச்சும் சேர்ந்து கிடந்தது அவளிடம். தன் வீட்டுக்குப் போய்ச்சேர அவளுக்குப் பல நாள் ஆயிற்று, கேட்டு முடிக்க எங்களுக்கு மார்கழி வரை ஆயிற்று. கூச்சப்பட்டுக்கொண்டு திருப்பி மாட்டட்டுமா என்று யாராவது கேட்டால், "இருக்கட்டும், அதுங்களும் நாலு முகத்தைப் பாக்கட்டும்," என்பாள்.

வருடத்தின் கடைசித் தாளைக் கிழித்த அன்று படம் நின்றுவிட்டது. அடுப்புகள் சிவந்தபடி, பொடிசு ஒரு காலைத் தூக்கியபடி, வெறும் அச்சாக ஆகிவிட்டது. காலண்டர் என்றால் ஒரு வருடத்துக்குத்தானே என்று ஏற்றுக்கொண்டோம். புதுசாக அருவிப் படம் வந்தது, மாட்டினோம். பழைய தாள் நல்ல கனம் என்பதால் பிள்ளைகளின் புத்தகங்களுக்கு அட்டை போட்டோம், அந்தப் பரீட்சையில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் செல் வரையும் கேள்விக்கு ஒருவர்கூடத் தப்பு விடவில்லை.

பொங்கல் முடிந்ததும் மாரிக்கனியும் அன்னபாக்கியமும் பெங்களூருக்கு ரயில் ஏறினார்கள். ஜெபசீலி ஸ்டேஷனுக்கே வந்து கூட்டிப்போனாள். செருப்பைக் கழற்றச் சொல்லி, வெள்ளை மேலங்கி போட்டுவிட்டு, சில்லென்ற ஓர் அறைக்குள் அழைத்துப்போனாள். கதகதப்பான பெட்டியைத் திறந்து, உள்ளங்கையகலக் கண்ணாடித் தட்டு ஒன்றை எடுத்து மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தாள். சாயம் ஏதும் ஏற்றாத செல்கள். நாற்காலியில் மாரிக்கனியை உட்காரவைத்து, "ரெண்டு கண்ணையும் திறந்து வச்சுக்கோங்கக்கா, சுருக்க வேண்டாம்," என்றாள்.

முதலில் தன் இமை மயிர்தான் தெரிந்தது மாரிக்கனிக்கு. பிறகு தெளிந்தது. அரிசி கழுவிய தண்ணீரின் நிறத்தில், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, அவை கிடந்தன. ஒன்று மட்டும் மற்றவற்றை விட்டுச் சற்று உருண்டு திரண்டிருந்தது. அது பிரியப் போகிறது, ஆனால் நேரம் ஆகும் என்று ஜெபசீலி சொன்னாள். ஆகட்டும் என்றாள் மாரிக்கனி. ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகள் தங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பின்னால் நின்றார்கள். யாரோ அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள், கண்ணை எடுக்காமல் வாங்கிக் குடித்தாள். உருண்டையின் நடுவில் இடுப்புபோல ஒரு சுருக்கம் விழுந்தது, சுருக்கம் இறுகியது, மெல்லிய நூலாக நீண்டது, நூல் அறுந்தது. இரண்டும் கொஞ்சம் தள்ளிப்போய்த் தங்கள் இடத்தைப் பார்த்துப் படுத்துக்கொண்டன.

"ரெண்டாயிருச்சு," என்றாள் மாரிக்கனி.

பிறகு அந்தக் கண்ணாடிக்குள் பார்த்தபடியே, ஊருக்குப் போகும் பிள்ளைகளிடம் ஜன்னல் வழியாகப் பேசுவதுபோலப் பேசினாள். "எனக்காக நெறையப் பாடுபட்டீக. நான் ஒருநாளும் கேட்டுக்கிடல. பத்திரமா இருங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க. என்ன வேணும்னாலும் டாக்டரம்மாகிட்டக் கூசாமக் கேளுங்க."

"நான் பார்த்துக்கிறேன்க்கா," என்றாள் ஜெபசீலி.

"தள்ளிக்கோ, நானும் பாக்கேன்," என்று அன்னபாக்கியம் தோளை இடித்தாள். மாரிக்கனி எழுந்திருக்கவில்லை. ஓரமாக நகர்ந்து, நாற்காலியில் பாதியை அவளுக்கு விட்டாள்.